இன்ஜினுக்கு ஊற்றிய மருந்து

காவிரிப் பாலத்தில் ஏறும்போது தைரியராஜின் கார் மறுபடியும் திணறியது. காலை விமானத்தில் கைக்குழந்தையோடு வந்திறங்கிய ஒரு குடும்பத்தை ஏர்போர்ட்டிலிருந்து ஸ்ரீரங்கம் கூட்டிப் போனபோதே, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் முனகத்தான் செய்தது. அவர்களை உத்தர வீதியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதும் அதே கதி. பின்னால் கரும்புகை. பைக்கில் வந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போனார்; போகிறபோக்கில் திட்டிவிட்டும் போனார். திருப்பித் திட்ட அவனிடம் தெம்பில்லை.

வேலை பார்த்த வெல்டிங் கம்பெனியை மூடிய பிறகு அவன் வாங்கிய பழைய கார் அது. இரவெல்லாம் ஏர்போர்ட் சவாரி, பகலில் கிடைத்த சவாரி. மனைவி பெலிண்டா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொன்மலையில் அவர்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருப்பார். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்பதுதான் பல நாட்களில் அவர்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சு.

தென்னூரில் ரசூல் பாயின் ஷெட்டுக்குள் வண்டியை விட்டான். அன்று வெள்ளிக்கிழமை. வேலையாட்கள் மதியத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்கள். ரசூல் மட்டும் கை கழுவிக்கொண்டிருந்தார். புகையைப் பார்த்ததும் பானெட்டைத் திறந்து, ஆயில் அளக்கும் கம்பியை உருவி, விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இது ஆயிலா, தாரா? எப்ப மாத்துனீங்க?"

"மாத்தணும் மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் பாய்."

"உள்ள பூரா கரி படிஞ்சு கெடக்கு. பிரிச்சுப் பாக்கறதுதான் சரி. ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க."

"ஒரு வாரமா? முடியாது பாய். ராத்திரிக்கு சவாரி ஒத்துக்கிட்டிருக்கேன்."

ரசூல் யோசித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "அப்ப இந்த ஃப்ளஷ்ஷை ஊத்திப் பாப்போம். படிஞ்ச அழுக்கைக் கரைச்சுக் கொண்டுவந்துடும். பழைய ஆயில்லயே ஊத்தி, வண்டியை நிறுத்தி வச்ச இடத்துலயே கால் மணி நேரம் ஓட விட்டு, சூட்டோட வடிச்சுடணும். அதுக்கு மேல ஓடக்கூடாது. ஆயில் தண்ணியாயிடும், கரைஞ்ச அழுக்கு எங்கயாவது போய் அடைச்சுக்கும்."

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது.

"ஜும்ஆவுக்கு நேரமாச்சு. நான் போயிட்டு வந்து ஊத்தட்டுமா?"

"இப்பவே ஊத்திட்டுப் போங்க பாய். நான் பாத்துக்கறேன். கால் மணி நேரத்துல ஆஃப் பண்ணணும், அவ்வளவுதானே?"

ரசூல் அவன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. பிறகு டப்பாவைக் கவிழ்த்து ஊற்றினார். மண்ணெண்ணெய் போல ஒரு நெடி எழுந்தது. தைரியராஜ் இன்ஜினை ஸ்டார்ட் செய்தான். ரசூல் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அவன் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்தான். வண்டி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு முதுகுக்கு இதமாக இருந்தது. தலையைச் சற்றே பின்னால் சாய்த்தான்.

கண் விழித்தபோது ரசூலின் கை ஜன்னல் வழியாக உள்ளே வந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தது. யாரோ சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் இன்ஜினுக்குள் கேட்டு நின்றது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"எவ்வளவு நேரமா இந்த லைட் எரியுது?"

"தெரியல பாய். தூங்கிட்டேன்."

"படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே போனேன்! இன்ஜின் போச்சு, போங்க!" ரசூல் பானெட்டை ஓங்கிச் சாத்தினார். அங்குமிங்கும் நடந்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "என் மேலயும் தப்பு இருக்கு. உங்க கண்ணைப் பாத்தேன். பாத்துட்டும் ஊத்திக் குடுத்துட்டுப் போனேன்."

தைரியராஜ் பின்சீட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல இதுல ஒரு கைக்குழந்தை இருந்துச்சு பாய். அம்மா மடியில நல்லாத் தூங்கிட்டு வந்துச்சு. இந்தத் தூக்கம் எனக்குப் பாலத்துல வந்திருந்தா?"

ரசூலுக்கு அவன் என்ன சொல்கிறான் என்று புரிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தைரியராஜ் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

பெலிண்டா டூட்டி முடிந்து நேராக ஷெட்டுக்கு வந்தாள். ரசூல் போன் செய்திருந்தார். வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. அவன் தலையையும் கைகளையும் பார்த்தாள்.

"அடி கிடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. வண்டிதான்."

ரசூல் நடந்ததைச் சொன்னார். அவள் திட்டுவாள் என்று தைரியராஜ் எதிர்பார்த்தான். திட்டியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி ஓட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவள் கண்களும் சிவந்துதான் இருந்தன.

அவன் போனை எடுத்து, இரவுச் சவாரிக்குச் சொல்லியிருந்தவரைக் கூப்பிட்டான். "சார், வேற வண்டி பாத்துக்குங்க. ஆமா சார், ரிப்பேர். இல்ல சார், சரியானாலும் இனிமே ராத்திரி ஓட்டறதா இல்ல."

பெலிண்டா நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"சொல்லிட்டேன். எப்படிச் சமாளிக்கப் போறோம்னு தெரியல."

"பாத்துக்கலாம். இப்ப எழுந்திரிங்க."

மறுநாள் ரசூல் இன்ஜினுக்கு அடியில் இருந்த ஆயில் சேம்பரைக் கழற்றினார். கரைந்து வந்த கரி கறுப்புக் களியாகத் திரண்டு ஆயில் ஏறும் வழியை அடைத்திருந்தது. பேரிங்குகள் தேய்ந்துபோயிருந்தன. எல்லாவற்றையும் மாற்றி முடிக்க அவர் முதலில் கேட்ட ஒரு வாரத்துக்கு மேலேயே ஆனது. அந்த நாட்களில் தைரியராஜ் வீட்டில் படுத்துக் கிடந்தான். தூக்கத்தில் திடீரென்று கால் பிரேக்கை மிதிப்பதுபோல உதைக்கும். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வண்டி திரும்பி வந்தது. புகை போயிருந்தது, பாலத்தில் ஒழுங்காக ஏறியது. ஆனால் காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு மெல்லிய சத்தம். "இது போகாது. வெளியூர் ட்ரிப் மட்டும் வேணாம்" என்றார் ரசூல். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கவும், உள்ளூர்ச் சவாரிக்கும் மட்டும் ஓட்டினான். வருமானம் குறைந்தது. பெலிண்டாவுக்கு வேலை குறையவில்லை.

அவளுக்குப் பகல் டூட்டி வரும் வாரங்களில் சாயங்காலம் இரண்டு பேருமே வீட்டில் இருந்தார்கள். முதல் சில நாட்கள் என்ன பேசுவதென்றே இருவருக்கும் தெரியவில்லை. டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவள் வார்டில் ஒரு நோயாளி அடித்த கூத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டான். பாதியில் அவள் நிறுத்தியபோது குழாயை மூடிவிட்டு, "அப்புறம்?" என்றான்.