இருபத்தைந்து மணி ஞாயிறு

சரகோசாவைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. அந்த ஊர் எனக்கும் என் மகளுக்கும் சரிபாதித் தூரத்தில் இருந்தது. நான் அதில் கண்ட அழகு அவ்வளவுதான். நான் பில்பாவில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறேன். கெய்லின் பார்சிலோனாவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு அங்கே போக நாலு மணி நேரப் பேருந்து, அவளுக்கும் ஏறக்குறைய அதே.

அவள் ஸ்பெயினுக்கு வந்து ஐந்து மாதமாகியிருந்தது. ஒரே நாட்டில் இருந்துகொண்டு ஐந்து மாதமாக மகளைத் தொட்டுப் பார்க்காத தாய் நான். அதற்கு முன்னால் பத்து வருஷம், நடுவில் கடல். ஹோண்டுராஸில், சொலுத்தேகாவில் அவளை என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பினேன். நின்று அழுதாளானால் என் கால் நகராது என்று எனக்குத் தெரியும். இரண்டே வருஷத்தில் வந்துவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னேன்.

கிழவியின் வீட்டார் கெய்லினுக்கு முதலில் ஞாயிற்றுக்கிழமை பகல் மட்டும்தான் விடுப்பு கொடுத்தார்கள். செப்டம்பரில்தான் மனசு இறங்கி, சனி மதியத்திலிருந்து ஞாயிறு இரவு வரை என்றார்கள். எனக்கும் அதே கணக்குதான். அன்றைக்கே திட்டம் போட உட்கார்ந்துவிட்டேன். சனி மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் சரகோசாவில் இறங்குவோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவரவர் பேருந்து. விரல்விட்டு எண்ணினால் இருபத்து மூன்று மணி நேரம் வந்தது. மறுபடி எண்ணினேன், அப்போதும் இருபத்து மூன்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷம் கழித்துப் பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகிறவளுக்கு ஒரு முழு நாள்கூடக் கொடுத்துவைக்கவில்லையா?

அப்போதுதான் அக்டோபர் ஞாபகம் வந்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை மூன்று மணி ஆனதும் இங்கே எல்லாக் கடிகாரத்தையும் திரும்ப இரண்டுக்குத் தள்ளிவிடுவார்கள். குளிர்காலத்துக்காக அப்படியாம். எங்கள் ஊரில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. ஆக, அந்த ஒரு ஞாயிற்றுக்கு மட்டும் இருபத்தைந்து மணி நேரம். அந்த வாரம் போனால் எங்களுக்கு இருபத்து நாலு கிடைக்கும். மணி பிசகாமல் ஒரு முழு நாள்.

ஒரே ஒரு சிக்கல். அந்த வாரம்தான் மைத்தேயின் கல்யாண நாள். மைத்தே என்பவள் நான் பார்த்துக்கொள்ளும் டோன் அன்செல்மோவின் மகள், எனக்குச் சம்பளம் கொடுப்பவள். ஒவ்வொரு வருஷமும் அவளும் புருஷனும் அந்த இரண்டு நாளும் ஏதாவது ஓர் ஊருக்கு உல்லாசமாகப் போய்வருவார்கள். நான் கிழவருடன் இருப்பேன். பதிலுக்கு வேறொரு வாரம் எனக்கு விடுப்பு. செப்டம்பரிலேயே அவளிடம் பேசிவிட்டேன். "அதுக்கென்ன, என் தம்பி வந்து அப்பாவைப் பார்த்துக்குவான். நீ தாராளமா போய்ட்டு வா" என்றாள். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஞாயிறு தோறும் பூங்காவில் எங்கள் ஊர்ப் பெண்கள் கூடுவோம். அங்கே தில்சியாவிடம் என் திட்டத்தைக் காட்டினேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். ஆறு மணிக்கு இறங்குவது, ஆறே முக்காலுக்கு விடுதி, ஏழரைக்கு ஆற்றுப் பாலம், எட்டரைக்கு ஏதாவது சாப்பாடு. ஞாயிறு ஒன்பதுக்குச் சாக்லேட்டும் சுர்ரோ பலகாரமும், பத்துக்குக் கோயிலில் மாதா சிலை நிற்கும் தூணை முத்தமிடுவது, பதினொன்றுக்குக் கோபுரம். இப்படியே மாலை வரைக்கும்.

தில்சியா அதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாள்.

"என்னடி நோயெமி, பொண்ணைப் பார்க்கப் போறியா, இல்ல பட்டாளத்துல சேர்க்கப் போறியா? ஒண்ணுக்குப் போக எங்க நேரம் போட்டிருக்க?"

"உனக்கென்ன, உன் பிள்ளைங்க உன் பக்கத்துலயே இருக்காங்க."

"இருந்து என்ன கிழிச்சாங்க? என் சட்டையைப் போட்டுக்கிட்டு என்னையே யாருன்னு கேக்குதுங்க. இது என்ன, இந்த ஒரு வரி மட்டும் காலியா இருக்கு?"

"அது அந்த ராத்திரி கூடுதலா வர்ற ஒரு மணி நேரம். அதுல ஒண்ணும் பார்க்க வேண்டாம். சும்மா பக்கத்துல படுத்திருக்கணும்."

தில்சியா கேலியை நிறுத்திவிட்டு, சீட்டை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

கெய்லினிடம் இரண்டு நாளைக்கு ஒருமுறை தொலைபேசியில் திட்டத்தைத் திருத்திச் சொல்வேன். கேமராவில் அவள் முகம் மட்டும் தெரியும். என்னைவிட உயரமா என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"அம்மா, இருபத்து மூணு மணி நேரம் போதாதா? அந்த ஒரு மணி நேரத்துக்காக மூணு வாரம் தள்ளிப் போடுறியே."

"போதாது."

"சரி, கோபுரம் வேண்டாம். எனக்கு உயரம் ஆகாது."

"உனக்கா? மாமரத்து உச்சியில போய் உக்காந்துக்கிட்டு இறங்கமாட்டேன்னு அடம் பிடிச்சவ நீ."

"அது ஒன்பது வயசுல. இப்ப ஆகாது. மரத்துலேர்ந்து விழுந்து கை ஒடிஞ்சுதே, பெரியம்மா சொல்லலையா உன்கிட்ட?"

சொல்லவில்லை. நான் சீட்டில் கோபுரத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மீன் கண்காட்சி என்று எழுதினேன். இடத்தைக் காலியாக விட எனக்குப் பயம். சும்மா உட்கார்ந்தால் அவள் கேட்டுவிடுவாள். ஏம்மா சொல்லாம போன என்று கேட்டுவிடுவாள். பதில் இல்லாமல் இல்லை, பத்து வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பதில் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் மைத்தே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் டோன் அன்செல்மோவுக்குச் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நோயெமி, ஒரு சின்ன சங்கடம். தம்பியால வர முடியலையாம். நாங்க செவில்லாவுக்கு டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. நீ அடுத்த வாரம் போயேன். ரெண்டு நாளுக்கு மூணு நாளா எடுத்துக்கோ."

"அடுத்த வாரம் என் பொண்ணுக்கு அதே ரெண்டு நாள்தாங்க. அதுவும் குறைச்சலான ரெண்டு நாள்."

"குறைச்சலா?"

"ஒரு மணி நேரம் குறைச்சல். கடிகாரம் மாத்துற வாரம் இதுங்க."

அவள் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது.

"இங்க பாருங்க," என்றேன். "பத்து அக்டோபரா அந்த ராத்திரி நான் இந்த வீட்டுல இருந்திருக்கேன். நீங்க ஊரு சுத்தப் போயிருப்பீங்க. பத்துத் தடவை ஒரு மணி நேரம் கூடுதலா முழிச்சிருக்கேன். ஒரு தடவையாவது கேட்டேனா?"

"சரி, மார்ச் மாசம் ஒரு மணி நேரம் குறையுதே, அதையும் சொல்லேன்."

"மார்ச் மாசம் நீங்க வீட்டுல இருப்பீங்க, நான் லீவுல இருப்பேன். குறையுறது என் லீவுலதாங்க குறையுது."

மைத்தே பள்ளியில் கணக்கு டீச்சர். மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"பத்து வருஷமா என் பொண்ணை நான் தொடலீங்க. வீட்டுச் சாவி மேசை மேல இருக்கு. சனிக்கிழமை ஒரு மணிக்கு நான் கிளம்புறேன். நீங்க இருந்தாலும் கிளம்புவேன், வேலைக்கு வேற ஆள் வெச்சாலும் கிளம்புவேன்."

சொல்லிவிட்டுச் சூப்பை மறுபடி கலக்கினேன். கரண்டி கிண்ணத்தில் தட்டிச் சத்தம் போட்டது. டோன் அன்செல்மோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தொண்ணூற்றொரு வயது.

"செவில்லாவுல இப்ப வெறும் வெயில்தான்," என்றார். "சூப் ஆறிப் போச்சு. சண்டை முடிஞ்சுதுன்னா யாராவது ஒருத்தர் ஊட்டி விடுங்க."

மைத்தே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "போய்ட்டு வா," என்றாள், என்னைப் பார்க்காமல். அவள் செவில்லாவை விட்டுக்கொடுத்தாள், அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் ஒரு பை. அதில் காலையில் எழுந்து சுட்ட ரொட்டிகள், நடுவே சிவப்பு பீன்ஸ் மசித்து, சீஸ் தூவி, எங்கள் ஊர் வழக்கப்படி மடித்தவை. சின்ன வயதில் கெய்லின் ஒரே மூச்சில் நாலு தின்பாள். இப்போதும் தின்பாளா?

லோக்ரோன்யோ தாண்டியதும் அவளிடமிருந்து குரல்செய்தி வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"அம்மா, திட்டாத. அந்த அம்மாவோட பையன் வரவே இல்ல. ரெண்டு மணிக்கு வரேன்னாரு. போனை அணைச்சு வெச்சிருக்காரு. நான் எப்படிம்மா இவங்களைத் தனியா விட்டுட்டு வரது? எழுந்து தண்ணிகூடக் குடிக்க முடியாது இவங்களால. நாளைக்குக் காலையில அவர் பொண்டாட்டி வருவாங்களாம். முதல் பஸ்ஸைப் பிடிச்சு பதினொரு மணிக்கெல்லாம் வந்துடறேன். நீ விடுதியில நல்லாத் தூங்கு. ஆறு மணி நேரம் இருக்கும்மா நமக்கு. ஆறு மணி நேரம்."

மூன்று தடவை கேட்டேன். கிழவியை விட்டுவிட்டு வா என்று சொல்ல வாய் வரவில்லை. மைத்தேயிடம் வாயாடி வாங்கிய ஒரு மணி நேரத்தை, பார்சிலோனாவில் முன்பின் தெரியாத ஒருத்தன் போனை அணைத்துவிட்டு எடுத்துக்கொண்டான். என் மகள், என் வயிற்றில் பிறந்தவள், நான் விழித்த அந்த ராத்திரியை இப்போது விழித்துக்கொண்டு உட்காரப் போகிறாள். துடேலா வரும் வரைக்கும் அழுதேன். பக்கத்து இருக்கைப் பெண் கைக்குட்டை கொடுத்தாள்.

ஆறு மணிக்குச் சரகோசாவில் இறங்கினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. நல்ல காற்று அடித்தது. திட்டப்படி நகரப் பேருந்தில் ஏறி விடுதிக்குப் போக வேண்டும். நான் போகவில்லை. டிக்கெட் ஜன்னலுக்குப் போய், பார்சிலோனாவுக்கு அடுத்த பேருந்து எப்போது என்று கேட்டேன். ஆறரைக்கு என்றான். பத்தேகாலுக்கு அங்கே போய்ச் சேருமாம். திரும்ப பில்பாவுக்கு வர, ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு அங்கே ஏற வேண்டும். நின்ற இடத்திலேயே விரல்விட்டு எண்ணினேன். கூடுதல் ஒன்றையும் சேர்த்தால் பதினாறுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறைவிட அது எவ்வளவோ மேல்.

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"எங்கம்மா இருக்க? விடுதி நல்லா இருக்கா?"

"விடுதி கிடக்கட்டும். நான் அங்க வரேன்."

"இங்கயா? ஐயோ, வெளியாளு யாரும் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

"இன்னொரு வேலைக்காரி வந்திருக்கா, இவளுக்குச் சம்பளம் வேண்டாமாம்னு சொல்லு. அவன் போனைத் திறந்தான்னா என்கிட்ட குடு, நானே சொல்றேன்."

அவள் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"நீ வந்து என்னம்மா பண்ணப் போற? ஒரே ஒரு சின்னக் கட்டில். ராத்திரியெல்லாம் என்னால உன்கூடப் பேசிக்கிட்டு இருக்க முடியாது. இவங்களை ரெண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். அதுவும் இன்னிக்கு ரெண்டு மணி ரெண்டு தடவை வருது."

"முதல் ரெண்டு மணிக்கு நான் புரட்டிக்கிறேன்."

"அப்புறம் ரெண்டாவது?"

"அதுக்கும் நானே எழுந்துக்கிறேன். நீ தூங்கு. இந்தப் போன்ல உன்னைச் சிரிச்சுப் பார்த்திருக்கேன், அழுது பார்த்திருக்கேன். ஒன்பது வயசுக்கப்புறம் நீ தூங்கி நான் பார்க்கவே இல்ல."

பேருந்தின் கதவு திறந்தது, ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

"மூணாவது மாடி, இடது பக்கம்," என்றாள் கெய்லின். "மணி அடிக்காத, அந்த அம்மா முழிச்சுக்குவாங்க. நான் கீழ வந்து வாசல்ல நிக்கறேன்."