பதினான்கு அடி உயரத்தில் ஒரு விபத்து

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பதுக்குப் பயிற்சிப் பள்ளியின் இரண்டு இருக்கை விமானம் ஓடுபாதையின் இடது ஓரத்தில் மோதியது. மூக்குச் சக்கரம் ஒடிந்து, பதினான்கு அடி உயரத்துக்குத் துள்ளி, அந்தரத்தில் அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர் நாற்பத்தொரு வயதுப் பல் மருத்துவர். அன்றுதான் முதன்முறையாகத் தனியாகப் பறந்தவர். தீயணைப்பு வண்டியின் ஏணி வழியாக இறங்கிவந்தவர், பதினொரு மணிக்கு ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருப்பதாகச் சொன்னார்.

அவருக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் அவரை அவ்வளவு சுலபமாகப் போகவிடவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அவளுக்கு ஒரு பழக்கம். மாணவர் தரைக்கு அருகே வந்ததும் பக்கத்து இருக்கையிலிருந்து “இருங்க, இருங்க” என்பாள். ஓர் ஆள் உயரம் இருக்கும்போது “குறைங்க” என்பாள். மாணவர் எஞ்சின் விசையைக் குறைப்பார். சக்கரம் தரை தொடும். அன்று மருத்துவர் விசையைக் குறைக்காமல் ஓடுபாதையில் பாதி தூரம் மிதந்தார். பக்கத்து இருக்கை காலி என்பது உறைத்ததும் பதறிப்போய் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினார்.

“பன்னிரண்டு மணி நேரம் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தேனே டாக்டர். இன்னிக்கு யார் வந்து சொல்லணும்னு காத்திருந்தீங்க?”

“நீங்கதான் மேடம். எப்பவும் நீங்கதானே சொல்வீங்க.”

அவளுக்கு எரிச்சல் வந்தது.

விசாரணை அறிக்கை வரும்வரை அவளுடைய பயிற்சி உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். பதினைந்து நாளில் முடிந்துவிடும் என்றார்கள். மூன்றாம் நாள் வந்த விசாரணை அதிகாரி விமானத்தை அண்ணாந்து பார்த்தார், நான்கு பக்கமும் நடந்து பார்த்தார், படிவத்தின் ஏழாவது கேள்வியில் பேனாவை வைத்தபடி நின்றுவிட்டார். விமானம் ஓய்வு நிலைக்கு வந்த நேரம் என்ன என்பது கேள்வி.

“எழுதுங்க சார், எட்டு நாற்பது. கண்ணு முன்னாடி சும்மாதானே நிக்குது?”

“தரைக்கு வரலையே மேடம். முடியாத விபத்துக்கு நான் எப்படி அறிக்கை குடுக்கிறது?”

ஆகவே அதை முடித்துவைக்க முயன்றார்கள். கயிறு கட்டித் தீயணைப்பு வண்டியால் இழுத்ததில் வண்டியின் முன்பக்கக் கம்பி கழன்று வந்தது. இறக்கைகளில் மணல் மூட்டை ஏற்றினார்கள். எட்டாவது மூட்டையில் இரண்டு அங்குலம் மேலே போனது. அவளே ஒலிபெருக்கியோடு கீழே நின்று அரை மணி நேரம் “குறைங்க” என்றாள். “நீ நிக்கிற நிலையைப் பார்த்தா எனக்கே வண்டியை விட்டு இறங்கி வரப் பயமா இருக்கு,” என்றார் சாப்பாடு கொண்டுவந்த கணவர். அன்று அவள் சாப்பிடவில்லை.

மூன்று ஆண்டுகள் போயின. பள்ளி அவளை அலுவலகத்தில் உட்காரவைத்து மாணவர் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்தச் சொன்னது. முடியாத பயணத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தொடங்க விதி இடம் தராததால் மருத்துவரும் பறக்கவில்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணி போட்டு ஏறிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவார். அவள் விசாரணை அலுவலகத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினாள். மாதம் ஒரு பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. அடுத்த ஜூனில் அவளுடைய உரிமம் அடியோடு காலாவதியாகும். அப்புறம் ஆயுள் முழுக்க முத்திரைதான்.

ஏப்ரலில் விமான நிலைய வரைபடத்தைத் திருத்த ஒருவர் வந்தார். மரங்கள், கம்பங்கள், தண்ணீர்த் தொட்டி என எல்லாவற்றையும் அளந்தவர், அந்த விமானத்தையும் அளந்து, தடை எண் பன்னிரண்டு, உயரம் பதினான்கு அடி இரண்டு அங்குலம் என்று குறித்துக்கொண்டு, அதில் ஒரு சிவப்பு விளக்கை மாட்டச் சொல்லிவிட்டுப் போனார். வரைபடம் அச்சாகி வந்த அன்று அவள் அதை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியின் மேசைக்கு நேராகப் போனாள்.

அவர் இரண்டு முறை படித்தார். “தடைன்னு போட்டிருக்காங்களே. அப்போ இது விமானம் இல்லை.”

“இல்லை சார்.”

“விமானம் இல்லைன்னா விபத்தும் இல்லை.”

“மூணு வருஷமா நான் எதுக்கு முத்திரை குத்தினேன் சார்?”

அது அந்தப் படிவத்தில் இல்லாத கேள்வி. அவர் கோப்பை மூடினார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஒரு புது மாணவரோடு மேலே போனாள். தடை எண் பன்னிரண்டுக்கு வலப்பக்கமாக ஒதுங்கி இறங்கினார்கள். ஒன்பது மணிக்கு அடுத்த மாணவர் வந்தார்.