முடி உதிராத டயர்

பொழுது முழுதாக விடியவில்லை. பஞ்சர் அக்கா அதற்குள் ஐந்து சக்கரங்களைக் கழற்றி மாட்டிவிட்டாள். கடப்பாரையை டயரின் விளிம்புக்குள் செருகி, உடம்பின் மொத்தப் பாரத்தையும் அதன்மேல் போட்டு அமுக்கினால்தான் அந்த ரப்பர் மசியும். இளம் ரப்பர் இப்படி முரண்டு பிடிக்காது. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

அந்த வாடகைக் கார் நிறுவனத்தில் இருபது கார்கள். அவற்றுக்கான டயர்களை முதலாளி எந்தக் காலத்திலோ மலிவாக வாங்கித் தகரக் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார். மேலே தகரம் வறுத்தெடுக்கும். பக்கத்தில் ஜெனரேட்டர் கொதித்துக்கொண்டிருக்கும். அடியில் கிடந்தவை பாரம் தாங்காமல் சப்பையாகிப்போயிருந்தன. ஆனால் வார்ப்பு அச்சிலிருந்து வந்தபோது மேலே நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடிகள் ஒன்றுகூட உதிரவில்லை. டிரைவர்கள் அந்த முடியைத் தடவிப் பார்த்துத்தான் புது டயர் என்று நம்புவார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற ஜாதி.

டயரின் வயது முடியில் இல்லை. பக்கவாட்டில் பொறித்த நாலு எண்களில் இருக்கிறது. முன் இரண்டும் தயாரான வாரம், பின் இரண்டும் வருடம். ஆறேழு வருடம் தாண்டினால் ஓடாத டயரின் ரப்பரும் இறுகி வெடிக்கும். அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவள் பஞ்சர் அக்கா ஒருத்திதான். தெரிந்து என்ன பயன்? ஒருமுறை முதலாளியிடம் சொல்லப்போய், “உனக்கு வேலை பிடிக்கலியா?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டதோடு வாயை மூடிக்கொண்டாள்.

போன வாரம் நெட்டையன் என்ற டிரைவரின் காருக்கு அவள் மாட்டிய டயருக்கு வயது ஒன்பது. ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. புதுசா என்று அவன் கேட்டதற்கு ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் அது கிழிந்து பறந்தது. கார் தடுப்புச் சுவரில் மோதி, நெட்டையனின் இரண்டு கால்களும் முறிந்தன. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது முதலாளி அவளை அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். டயர் புதியது, டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டியதே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்திட்டால் நெட்டையனுக்கு வேலையும் போகும், வழக்கும் வரும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அது பழைய டயர் என்றாள் அவள்.

“மாட்டுறப்ப ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர் எப்படிம்மா பழசாகும்?”

“ஓடலேன்னா என்ன சார்? ஒன்பது வருஷமா தகரத்துக்கு அடியில வெந்துக்கிட்டு இருந்துச்சே.”

“ஓ, தெரிஞ்சுதான் மாட்டினியா? அப்ப போலீஸ் முதல்ல உன்னைத்தான் தேடும்.”

யோசித்துத் தருவதாகச் சொல்லித் தாளோடு வெளியே வந்தாள்.

முற்றத்தில் டிரைவர்கள் முதல் சவாரிக்குக் காத்திருந்தார்கள். நெட்டையனின் தம்பியும் அவர்களில் ஒருவன். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை. தாளில் இருந்ததையும், டயரின் வயதையும், தன் மௌனத்தையும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

தம்பி எழுந்து வந்தான்.

“தெரிஞ்சே மாட்டினீங்களா அக்கா? எங்க அண்ணனுக்கு?”

“ஆமாப்பா. வேலை போயிடும்னு பயந்துட்டேன்.”

அடிப்பான் என்றே அவள் நினைத்தாள். அவனோ தன் காரைத் திரும்பிப் பார்த்தான். தானும் அதே பயத்தில்தான் பிரேக் சரியில்லாத வண்டியை ஒரு மாதமாக ஓட்டுவதாகச் சொன்னான். பிறகு தன் காரின் அருகே குந்தி, அந்த எண் எங்கே இருக்கிறது என்று கேட்டான். அவள் விரல் வைத்துக் காட்டினாள். மற்றவர்களும் தத்தம் சக்கரங்களைத் துடைத்துப் படித்தார்கள். எட்டு வருடம். பத்து. இன்னொன்றும் பத்து. பதினாறு கார்களின் டயர்கள் காலாவதி.

முதலாளி வெளியே வந்தார். இன்றைக்கு வண்டி எடுக்காதவன் நாளைக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம், வேலைக்கு ஆள் வாசலில் நிற்கிறது என்று கத்தினார். ஒருவனும் வண்டியில் ஏறவில்லை. வேறு டிரைவர்களைக் கூப்பிட அவர் ஆத்திரத்தோடு போனை எடுத்தார்.

பஞ்சர் அக்கா தாளைத் திருப்பி, நடந்ததை நடந்தபடி எழுதினாள். டயரை மாட்டியது நான்தான் என்ற வரிக்குக் கீழே தன் பெயரைப் போட்டு, இதைப் போலீசில் கொடுக்கப்போவதாகச் சொன்னாள்.

தம்பி அவள் கையிலிருந்து பேனாவை வாங்கித் தன் பெயரையும் எழுதினான்.

“ஸ்டேஷனுக்குத் தனியாப் போகாதீங்கக்கா. நாங்க எல்லாரும் வரோம்.”

அடுத்தவன் பேனாவுக்குக் கை நீட்டினான்.