மேடைக்கு அடியில் நடந்த மாநாடு

மொழியாசிரியர் மாநாட்டு மேடை தரையைவிட்டு எழும்பியபோது அதன்மேல் நடு நாற்காலியில் சங்கத் தலைவர், வலப்பக்கம் சிறப்பு விருந்தினர், இடப்பக்கம் தலைவரின் மைத்துனர், ஓரத்தில் அழைப்பிதழ் அடித்த அச்சகக்காரர் ஆகியோர் அமர்ந்திருந்தார்கள். இவர்களில் ஒருவரும் வகுப்பில் சாக்பீஸ் பிடித்தவர் இல்லை. பிடித்தவர்கள் நானூறு பேர் கீழே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் டீச்சருக்கு நாற்காலியே இல்லை, தூணோரம் நின்றார்.

மண்டபம் பிடித்தது, அழைப்பு அனுப்பியது, கழிப்பறைக்குத் தண்ணீர் வரவழைத்தது எல்லாம் அவர்தான். வருஷா வருஷம் நிகழ்ச்சிநிரலில் ‘ஆசிரியர் அனுபவம்’ என்று ஒரு மணி நேரம் போடுவார். வருஷா வருஷம் சிறப்புரை அதை விழுங்கி ஏப்பம் விடும். மேடையும் ஆண்டுக்கு ஒரு சாண் உயர்ந்தபடிதான் இருந்தது. தச்சர் உயர்த்தியதாகத் தலைவரும், தலைவர் உயர்த்தச் சொன்னதாகத் தச்சரும் நினைத்துக்கொண்டார்கள்.

இம்முறை, வாயே திறக்காத பிள்ளைகளைப் பேச வைத்த விதத்தைச் சொல்ல இளம் டீச்சர் ஒருத்தி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“அக்கா, போன தடவ மாதிரி நன்றியுரைக்குக் கைதட்டிட்டுப் போறதுக்கா வரச் சொன்னீங்க?”

“இந்தத் தடவ நீ பேசுற. இல்லேன்னா இந்தப் பதவியத் தூக்கி அவங்க மூஞ்சியிலேயே எறிஞ்சிடுறேன்.”

சிறப்பு விருந்தினர் தம் கல்லூரிக் காலத்துக்கு வந்தபோது மேடை ஆளுயரம் போயிருந்தது. நேரமாகிறது என்று செயலாளர் கையைக் காட்டினார். தலைவர் குனிந்து, “என்னம்மா அவசரம்? டீச்சருங்கதானே, அடுத்த வருஷம் பேசிக்கட்டும்” என்றார். மைக் அதையும் மண்டபம் முழுக்கச் சொன்னது.

செயலாளருக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. “அடுத்த வருஷமும் இதே வாய்தானே பேசும்!” என்றபடி, மேடை விட்டுப்போன வெற்றுத் தரையில் போய் நின்றார். “வாடி, இங்க வந்து பேசு.”

நானூறு பேரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு அடியில் நெருங்கினார்கள். அவள் பேசினாள். ஒரு மணி நேரம் இரண்டாயிற்று, கேள்விகள் ஓயவில்லை. மேலே சிறப்புரையும் ஓயவில்லை. “இறுதியாக” என்ற சொல் மட்டும் அவ்வப்போது தூறல்போல் விழுந்தது.

மேடை கூரையில் முட்டி நின்றது, இறங்கவில்லை. வெளிச்சம் மறைக்கிறது என்று மண்டபக்காரர் இரண்டு டியூப்லைட் கூட்டியதோடு சரி. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் மாநாடு அந்த நிழலில்தான் நடந்தது. மூன்றாம் ஆண்டு, அழைப்பிதழில் தம் பெயர் ஏன் இல்லை என்று மேலிருந்து தலைவர் விளக்கம் கேட்டார். செயலாளர் அன்றே பதில் எழுதினார்: ‘ஐயா, பேச விரும்புவோர் மற்றவர்களைப்போல முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். எந்த வகுப்புக்கு என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்பதைக் குறிப்பிடவும். தங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கப் பரிசீலிப்போம்.’ உறையை ஒட்டி, அழுத்தித் தேய்த்து, விசிறிக்கு எண்ணெய் போட ஏணியில் ஏறியவரிடம் கொடுத்தனுப்பினார்.