வீட்டுக்கு வந்திருக்கிறவர்

சூப்பர்வைசர் மறுபடியும் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. வர்றீங்களா, இல்ல உங்க மெஷினுக்கு வேற ஆளைப் போட்டுக்கட்டுமா?" மனுஷர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி விஷயத்தை முடித்திருப்பேன். தன்மையாகக் கேட்டுத் தொலைத்தார். சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

என் மெஷின் என்பது ஒரு இஸ்திரி இயந்திரம். வெளிநாட்டில் நான் இருந்தது பெரிய சலவைக்கூடம். அந்த ஊர் ஹோட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். துவைத்த விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துச் சூடான உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். கை கொஞ்சம் அசந்தால் ஒரு பக்கம் முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும். யாரோ தூங்கிக் கசக்கியதை, இன்னொருவர் தூங்கிக் கசக்குவதற்காக நேராக்கிக் கொடுக்கும் வேலை. அதைச் செய்துகொண்டே என் மகளை வளர்த்தேன்.

சிரிக்க வேண்டாம், போனில்தான் வளர்த்தேன். நான் கிளம்பும்போது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. இப்போது என் தோள் உயரம் வந்துவிட்டாள். நடுவில் லீவில் வந்துபோனேன்தான், ஆனால் அவளுக்கு வெட்கம் தெளிவதற்குள் எனக்கு விமானத்துக்கு நேரமாகிவிடும். மற்றபடி எல்லாம் குரல். டீ இடைவேளையில் பாய்லர் ரூமுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவேன். முகம் பார்த்துப் பேசலாமே என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாள். "அதுல என் மூக்கு கரண்டி மாதிரி தெரியுதுப்பா" என்பாள்.

அவளை வாலு என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கணக்கு டீச்சர் மாதிரி பேசிக் காட்டுவாள். தோழியோடு சண்டை போட்டால் முதல் தகவல் எனக்குத்தான். அவள் அம்மா ஏதாவது முடியாது என்று சொல்லிவிட்டால் மேல்முறையீடு என்னிடம் வரும். நான் பெரும்பாலும் அம்மா சொன்னதையே தீர்ப்பாகச் சொல்வேன், ஆனாலும் விசாரணை நீண்ட நேரம் நடக்கும். பாய்லர் ஆபரேட்டர் ஒருநாள், "ஒரு நாளைக்கு நீ சிரிக்கிறதே இந்த நேரத்துலதான்யா" என்றான். வாஸ்தவம்.

அதனால்தான் வந்தேன். வெளியே லீவு என்று சொன்னாலும் மனதுக்குள் திரும்பிப் போவதாக இல்லை. போதும், இனி மகளோடு இருக்கலாம் என்று பெட்டியைக் கட்டினேன். வாசலில் டாக்ஸி நின்றதும் கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "வாங்க" என்றாள்.

வாங்க! முந்தின நாள்வரை "நீ எப்பப்பா வருவ, சொல்லு, சொல்லு" என்று காதைப் பிய்த்தவள். சரி, வெட்கம், இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆகியும் போகவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் அவள் அறைக்குள் போகிறாள். நான் அறைக்குள் எட்டிப் பார்த்தால் புத்தகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். "ஸ்கூல் எப்படிம்மா போகுது?" என்றால், "நல்லாப் போகுது." "அந்தக் கணக்கு டீச்சர்?" "நல்லா இருக்காங்க." அவ்வளவுதான் பேட்டி. அடுத்து என்ன கேட்பது என்று எனக்கும் தெரியாது. கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன், பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன்.

வீடும் எனக்குப் பிடிபடவில்லை. ஃபேன் என்று நினைத்து விளக்கைப் போடுவேன். டவலைத் தேடி அலமாரி முழுக்கக் கலைப்பேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தை ஒழித்துச் சுத்தமாக்கி, பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "துடைப்பத்தை எங்க வச்சீங்க?" என்றாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். அவளிடம் புலம்பினால், "இத்தனை வருஷம் கழிச்சு வந்தா அப்படித்தான் இருக்கும், அவளை அவசரப்படுத்தாதீங்க" என்பாள். மனைவிக்கு என்னிடம் வெட்கமெல்லாம் கிடையாது. வந்த இரண்டாம் நாளே குப்பையைக் கொட்டச் சொல்லிவிட்டாள். அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

குழப்பம் ஆரம்பித்தது ஒரு பல்பால். குளியலறை பல்பு போய்விட்டது. கடைக்குப் போய் நின்றபோதுதான் திருகு பல்பா, குத்து பல்பா என்று பார்க்காமல் வந்தது உறைத்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். வாலுதான் எடுத்தாள்.

"அப்பா! நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், கேளேன். நெட்டச்சி இல்ல, அவ இன்னிக்கு என்ன பண்ணா தெரியுமா..."

நெட்டச்சி அவள் தோழி. என்னவோ பண்ணியிருந்தாள். அது என்ன என்பதே எனக்கு மனதில் நிற்கவில்லை. அந்தக் குரல் வந்துவிட்டது, அது போதும். கடைக்காரர் இரண்டு கையிலும் இரண்டு பல்பை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தள்ளிப் போய் மின்கம்பத்தடியில் நின்று, பேசிப் பேசிக் கால் வலித்தபிறகுதான் வைத்தேன். பல்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன். ஆஹா, திறந்துகொண்டது கதவு, இனிமேல் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால், அவள் தலையைக் குனிந்தபடி, "பல்பு கெடச்சுதுங்களா?" என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. மறுநாள் சும்மா ஒரு சாக்குச் சொல்லித் தெருமுனை பஸ் நிறுத்தத்துக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். "அப்பா!" என்று அதே துள்ளல். வீட்டுக்கு வந்தால் அதே மௌனம். அதற்கப்புறம் தினமும் போக ஆரம்பித்தேன். பள்ளிவிட்டு அவள் வரும் நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மகளோடு பேசுவதற்காக மகள் இருக்கும் வீட்டை விட்டு வெளியே போகிற அப்பன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அந்தப் போன் ஆளிடம் மட்டும் அப்படி என்ன இருக்கிறது, என்னிடம் என்ன குறைச்சல் என்று வயிறு எரிந்தது. அந்தப் போன் ஆளும் நான்தான் என்பது தெரியாமலா? தெரிந்தும் எரிந்தது.

இந்த லட்சணத்தில்தான் சூப்பர்வைசரின் வெள்ளிக்கிழமை வந்து நின்றது. அவளோடு இருக்க வேண்டுமென்று வந்தேன். இங்கே இருந்தால் அவள் கிடைக்கவில்லை. அங்கே போய்விட்டால் தினமும் கிடைப்பாள். இதை எந்த மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோவது?

வியாழக்கிழமை மனைவியிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னைக் கேட்டா இருங்கன்னுதான் சொல்லுவேன். எனக்கு நீங்க வேணும்" என்றாள். இவ்வளவு நேராகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உடனே அடுத்ததையும் சொன்னாள். "ஆனா அவளுக்காக இருக்கேன்னு சொல்லி அவ தலையில அந்தப் பாரத்தைத் தூக்கி வச்சிடாதீங்க. சின்னப் பொண்ணு, தாங்க மாட்டா."

வெள்ளிக்கிழமை காலையில் வாலு பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தபோது மென்று முழுங்கிக் கேட்டே விட்டேன். "வேலைக்கு மறுபடி கூப்பிடுறாங்கம்மா. போகட்டுமா, இல்ல இங்கயே இருக்கட்டுமா?"

"உங்க இஷ்டம்" என்றாள். செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

பகல் முழுக்க வீட்டுக்குள் கூண்டுப் புலி மாதிரி நடந்தேன். அவள் திரும்பியதும் வழக்கம்போலப் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். வரவில்லை, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்ற பயம்தான். நல்லது, நல்லபடியாக இருங்கள் என்று மனுஷர் அதற்கும் தன்மையாகவே பேசினார். வைத்த கையோடு வீட்டுக்குப் போட்டேன்.

"அப்பா" என்றாள். துள்ளல் இல்லை.

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல." என்றவள் தானே தொடர்ந்தாள். "வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்காருப்பா."

யாராவது விருந்தாளியோ என்று நிஜமாகவே திரும்பி எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. "யாரு?" என்று கேட்டேன்.

"அவருதான். வந்து ஒரு மாசம் ஆச்சு. நடக்கிற சத்தமே கேக்காதுப்பா. திடீர்னு பாத்தா பின்னாடி நிப்பாரு, பக்குனு ஆயிடும்."

சலவைக்கூடத்து ஆட்கள் நாங்கள் ஒரே அறையில் முறை வைத்துத் தூங்குவோம். தூங்குகிறவனை எழுப்பாமல் நடந்து நடந்து அப்படிப் பழகிவிட்டது. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எந்த ஆளாக நின்று சொல்வது? "ம், அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

"என் போர்வையை மெத்தைக்கு அடியில இறுக்கிச் சொருகி வச்சிடுறாரு. காலை நுழைக்கவே முடியல. ராத்திரி எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் படுக்கிறேன். ஸ்கூல் விட்டு வந்து பாத்தா மறுபடியும் சொருகி வச்சிருக்காரு."

"நல்லது பண்றோம்னு நெனச்சிருப்பாரும்மா."

"நீ ஏன் அவருக்குப் பரிஞ்சு பேசுற?" வெடுக்கென்று வந்தது. "நம்ம நாற்காலியைத் தூக்கிப் பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுட்டாரு, தெரியுமா உனக்கு?"

"எந்த நாற்காலி?"

"கொல்லையில கெடக்குமே, மடக்கு நாற்காலி, அதான். அதுல உக்காந்துதானேப்பா உன்கிட்ட பேசுவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரும்புக்காரருக்குத் தூக்கிப் போட்டதில் துருப்பிடித்த ஒன்று இருந்தது. போனில் எப்போதும் அவள் குரலுக்கு நடுவே ஒரு கிரீச் சத்தம் கேட்கும். ஏதோ கதவு என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவள் உட்கார்ந்து ஆடிய சத்தம். அவள் விளையாடுகிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று அப்போதும் புரியவில்லை, இன்றுவரைக்கும் புரியவில்லை. அந்த ஆள் மீது எனக்கே கோபம் கோபமாக வந்தது.

"அவரு மோசமாம்மா?" என்று கேட்டேன்.

"மோசமெல்லாம் இல்ல. பாவம், நல்லவருதான். ஆனா அவருகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல." பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். அவரு போகட்டும்ப்பா. நீ வா."

பஸ் ஒன்று வந்து நின்றது. நடத்துநர் ஏறுகிறீர்களா என்று என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். பஸ் போனதும், இதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டேன்.

"அவரு போகலம்மா. வரலைன்னு இப்பத்தான் சொல்லிட்டாரு. இனிமே இங்கதான் இருப்பாரு."

"அப்போ நீ?" என்றாள். "அவரு இங்கயே இருந்துட்டா நீ எங்கேருந்துப்பா பேசுவ?" சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அழுகையைப் போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பாய்லர் ரூமுக்குப் பின்னால் சுவரைக் குத்திக்கொண்டு நிற்பேன், வேறு வழி இருக்காது. இப்போது வழி இருந்தது, நாலு வீடு தள்ளித்தான் இருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே ஓடினேன். செருப்பைக் கழற்றக்கூட இல்லை, தடதடவென்று சமையலறையைத் தாண்டிக் கொல்லைக் கதவில் போய் நின்றேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவசரம் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வெளியாள் வந்துவிட்டால் துடைத்துக்கொள்வோமே, அப்படி. போனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"அப்பா, அவரு வந்துட்டாரு. வச்சிடட்டுமா?"

அது எனக்கு எதிரிலிருந்தும் கேட்டது, காதுக்குள்ளிருந்தும் கேட்டது. எதற்குப் பதில் சொல்வது? கிட்டே போய் அணைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். போனால் எழுந்து "வாங்க" என்பாள். கல்லுக்கு இந்தப் பக்கம், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"வைக்காதம்மா, சொல்லு" என்றேன் போனில்.

அவள் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவரு கேட்டுக்கிட்டு இருக்காருப்பா."

"கேக்கட்டும்" என்றேன்.