பஞ்சு மெத்தை போட்ட எம்.ஜி. கார்

சின்ன காஞ்சிபுரத்தில் கார் வைத்திருந்தவர்கள் பலர். காரை ஓட்டாமலே இருபத்தேழு வருஷம் வைத்திருந்தவர் யதிராஜன் ஒருவர்தான். காலேஜில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய 1951 எம்.ஜி. இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது. வாங்கிய மறுவாரமே பிரித்தார். பிரித்ததைப் பென்ஷன் வாங்கும் வயதுவரை திரும்பப் பூட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டு வீடு தள்ளிப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஆனந்தகுமார் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால்கூட, "இது மில்லிமீட்டர் வண்டி இல்லப்பா. உன் ஸ்பேனர் இதுகிட்ட பேசாது" என்பார். இங்கிலீஷ் அளவு ஸ்பேனர்கள் ஒரு மரப்பெட்டியில் பூட்டியிருந்தன. சாவி அவர் பூணூலில்.

எல்லாம் அசல். ஸ்டீயரிங், அண்டா மூடி அகலத்துக்கு, லண்டனிலிருந்தே வந்தது. ஸீட்தான் உறுத்தியது. அசல் ஸீட் மாட்டுத்தோல். உட்கார்ந்து எழுந்தால் ஸ்நானம் பண்ண வேண்டும். தோலை உரித்துப் போட்டுவிட்டு இலவம்பஞ்சு மெத்தை தைக்கச் சொன்னார். ஒரு முழ உயரத்துக்கு. அடியில் துணுக்குத் தோல் மிச்சமிருந்தாலும் தீட்டு மேலே ஏறக்கூடாதல்லவா.

2001 ஆனியில் சென்னையில் நடக்கும் பழங்கார் ஊர்வலத்துக்கு அழைப்பு வந்தது. ஒத்திகையாகத் தெருவை ஒரு சுற்று வரப்போவதாக அறிவித்தார். ஒத்திகையன்று சாயங்காலம் பெருமாள் புறப்பாடு. "நாலரைக்குக் கிளம்பி நாலே முக்காலுக்குத் திரும்பிடுவேன். பெருமாள் எழுந்தருளறச்சே வாசல்ல நிப்பேன்" என்றார். புறப்பாட்டின்போது சைக்கிளில் உட்கார்ந்திருப்பவனைக்கூட அதட்டி இறக்குகிறவர் அவர்.

பஞ்சகச்சத்துக்கு மேல் கோட்டு, நெற்றியில் திருமண். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெத்தையில் இறங்கினார். மூச்சை விட்டதும் வயிறு ஸ்டீயரிங்குக்கு அடியில் போய் அடைத்துக்கொண்டது. இன்ஜின் உறுமிய சந்தோஷத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. தெரு கைதட்டியது. வண்டி நடுத்தெருவரை வந்து நின்றது. கியர் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை; தள்ளினாலும் சக்கரம் அசையவில்லை. கியர் பெட்டியைப் பூட்டியபோது இரண்டு சாமான்கள் மிஞ்சியதும், வெள்ளைக்காரன் தாராளமாகப் போட்டிருக்கிறான் என்று அவற்றை எடுத்து வைத்ததும் இப்போது ஞாபகம் வந்தது.

"இறங்குங்கோன்னா" என்றாள் மனைவி ரமாமணி.

"இறங்கத்தான் பார்க்கறேன்."

"கால்மணியா அதையேதான் பார்த்திண்டிருக்கேள்."

தெருக்கோடியில் நாதஸ்வரம் கேட்டது. கோட்டுக்குள் வியர்வை ஓடியது. பெருமாள் வரும்போது காலை நீட்டி உட்கார்ந்திருப்பதா? அவரா?

ஆனந்தகுமார் ஓடிவந்தான். ஸ்டீயரிங்கைக் கழற்றினால் போதும். ஒரு ஸ்பேனர் வழுக்கியது. அடுத்தது நுழையவே இல்லை.

"பேசாதுன்னு சொல்லிக்கினே இருப்பீங்களே சார், பேசலதான். உங்க பொட்டிச் சாவி எங்க இருக்குது?"

யதிராஜன் கண்ணாலேயே தன் வயிற்றைக் காட்டினார். அதற்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஒரு காகிதம்கூட நுழையாது.

"மெத்தையக் கிழிச்சுடேன்பா" என்றாள் ரமாமணி.

"கிழிக்கலாம்மா. கத்தி எதுல போய் நிக்கும்னு தெரியல."

பல்லக்கு நெருங்கிவிட்டது. சுமந்து வந்தவர்கள் அதை முட்டுக்கட்டைகளில் நிறுத்தினார்கள். பதினாறு பேர் காரைச் சுற்றி வந்தார்கள்.

"வாத்தியார் சார், வாகனம் புதுசா இருக்குதே" என்றார் ஒருவர்.

"தொடாதீங்கோ. பெயின்ட்" என்றார் யதிராஜன். அவருக்கே கேட்காத குரலில்.

காருக்கு அடியில் இரண்டு மூங்கில்கள் நுழைந்தன. தெருவே கைகொடுத்தது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக எம்.ஜி. உயர்ந்தது. யாரோ பழக்கதோஷத்தில் குடையைக் கொண்டுவந்து அவர் தலைக்கு மேல் பிடித்தான். ஷெட்டுப் பக்கமாகப் பத்தடி எழுந்தருளப்பண்ணி, சுவரைப் பார்த்தாற்போல் இறக்கினார்கள். அப்படித்தான் இடம் இருந்தது.

பெருமாள் வந்தார். யதிராஜனுக்குத் தெரிந்தது சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் ஒரு பல்லியும். கைகூப்பப் பார்த்தார், முழங்கை கதவில் இடித்தது. முதுகுப் பக்கமிருந்து தலையில் சடாரி அழுந்தியது. வைத்தவர் யாரென்றுகூடத் தெரியவில்லை.

நாதஸ்வரம் அடுத்த தெருவுக்குத் திரும்பியது. நுழையாத ஸ்பேனரின் வாயை அராவ ஆனந்தகுமார் அரத்தைத் தேடிக்கொண்டு பட்டறைக்குப் போயிருந்தான்.

"கழுத்து வலிக்கறதா?" என்றாள் ரமாமணி.

"சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்" என்றார் யதிராஜன்.

"அடிக்கலாம். காபியை இங்கேயே கொண்டு வரட்டுமா?"

சூடாக இருந்தால் வயிறு இன்னும் உப்புமோ என்று அவர் யோசித்தார்.