சனிக்கிழமை ஓநாய்கள்

இராஜேந்திரனுக்கு ஐம்பத்து நாலு வயது. சட்டன் நகரில் ஒரு சுப்பர்மார்க்கெட் பேக்கரியில் விடிய நாலு மணி ஷிப்ட். பாண் அடுப்புக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிறவர் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அவரோ மூன்று கிழமையாக, மகள் வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்தியிருந்து கிராபிக்ஸ் ட்ரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

திரையில் படத்தைச் சீராக ஓட வைக்கிற மென்பொருள் அது. புதுப்பிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. யோசிக்காமல் ‘ஓம்’ என்று அமத்திவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனியன். அவர் விளையாடுகிற கம்ப்யூட்டர் விளையாட்டில், காட்டுக்குள் ஓநாய் தூரத்தில் நிற்கும். படம் உறைந்து, திரும்ப ஓடுவதற்குள் கழுத்தில் நிற்கும்.

அவருக்கொன்றும் விளையாட்டுப் பைத்தியம் இல்லை. எல்லாம் மகள் கஜந்தினிக்காக. பல் வைத்தியப் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, கார்ட்டூன் படம் செய்யப் படிக்கிறேன் என்று லீட்ஸுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து தாய் வசந்தமலர் அவளோடு கதைப்பதில்லை. மகளும் இறங்கி வரவில்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. தகப்பன் போன் எடுத்தாலும் ‘ஓம் அப்பா’, ‘சாப்பிட்டன் அப்பா’, அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இருவரும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அந்த விளையாட்டுக் காட்டுக்குள் இறங்கினால் காய்ச்சல் வந்தது, தனியாக இருந்து அழுதது எல்லாம் சொல்வாள். ஓநாய் துரத்தினால்தான் அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்கும்.

போன சனிக்கிழமை அவளே சொன்னாள்: “அப்பா, நீங்க ஸ்டக் ஆகி ஸ்டக் ஆகி நிக்கிறீங்க. வேலையால களைச்சு வந்து ஏன் இந்தக் கரைச்சல்? வாற கிழமையும் இப்பிடியெண்டா விடுவம். நான் பிரெண்ட்ஸோட விளையாடுறன்.”

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் கூட வலித்தது.

புதிய ட்ரைவரைக் கழற்றிப் பழையதைப் போட்டார். எல்லாவற்றையும் துடைத்தழித்துத் திரும்பவும் போட்டார். மரங்கள் பாண் துண்டுகள் மாதிரித் தெரியும்வரை படத்தின் தரத்தைக் குறைத்தார். ஒன்றும் சரிவரவில்லை. அவருக்கு வெறுத்துப்போனது.

வெள்ளிக்கிழமை, கூட வேலை செய்கிற யதுசன் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “அண்ணை, ட்ரைவர் பிழையெண்டா பழசைப் போட்ட உடன சரிவந்திருக்கும். மொனிட்டர் வயர் எங்க குத்தியிருக்கெண்டு பின்னால பாருங்கோ.”

வீட்டுக்கு வந்து, முழங்கால் நோக நோக மேசைக்குக் கீழே புகுந்தார். படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டில் குத்த வேண்டிய வயர் மேலே சாதாரண ஓட்டையில் குத்தியிருந்தது. விலை கூடிய அந்தக் கார்ட் மூன்று கிழமையாகச் சும்மா இருந்திருக்கிறது. பக்கத்தில் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் குங்குமம். கம்ப்யூட்டர் பெட்டிக்கு எது முகம், எது முதுகு என்று தெரியாத யாரோ முதுகில் பொட்டு வைத்திருந்தார்கள்.

“வசந்தி, இதை ஆர் கழட்டினது?”

“நான்தான். நீங்கள் வேலையில நிக்கேக்க, சரஸ்வதி பூசைக்குச் சாமிக்கு முன்னால வைச்சனான்.”

“கம்ப்யூட்டரையோ?”

“படிக்கிற பிள்ளையின்ர சாமானைத்தானே வைக்கிறது. புத்தகம் ஒண்டும் அவள் விட்டிட்டுப் போகேல்லை. படம் கீறிப் பழகினது இதிலதானே.” சொல்லிவிட்டு வசந்தமலர் விறுவிறென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருடமாக மகளின் பெயரையே எடுக்காதவள், இந்தப் பாரத்தைத் தனியாகக் கீழே தூக்கிப்போய், பிறகு மேலே கொண்டுவந்து, தனக்குத் தெரிந்த மாதிரி வயரையும் கொழுவியிருக்கிறாள். சந்தனப் பொட்டைத் துடைக்காமல் விட்டார். பிறகு வயரை மாற்றிக் குத்தினார்.

சனிக்கிழமை நாலு மணி. காடு வழுக்கிக்கொண்டு ஓடியது.

“அப்பா! சரிவந்திட்டுது! ட்ரைவரோ?”

“இல்லைப் பிள்ளை. கொம்மா உன்ர கம்ப்யூட்டரைச் சரஸ்வதி பூசைக்கு வைச்சவ. உன்ர படிப்புக்காக. திருப்பிக் கொழுவேக்க வயரை மாறிக் குத்திப்போட்டா.”

திரையில் மகளின் உருவம் அப்படியே நின்றது. ஓநாய் வந்து கடித்தது. உருவம் அசையவில்லை.

“பிள்ளை, இப்ப உனக்கு ஸ்டக் ஆகிட்டுதோ?”

“இல்லை அப்பா.” குரல் உடைந்திருந்தது. “அம்மாவைக் கூப்பிடுங்கோ.”

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படியடிக்குப் போனார். “வசந்தி, பிள்ளை உன்னைக் கேக்கிறாள்.”

குசினியிலிருந்து வசந்தமலரின் குரல் வந்தது.

“அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன்.”